சங்கத்து மரக்கால்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். வரி எழுத எழுத மேலே ஏறிக்கொண்டே போகும். ர, ற எனக்கு எப்போதும் தகராறு. ஐந்தாவது வரைதான் படித்தேன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சேரிப் பள்ளிக்கூடத்துத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான் நீங்கள். என் மகள் பிழை திருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அதையும் தாண்டி நிற்கும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் தண்ணீர் டேங்க் அடியில் நாம் உட்கார்ந்திருந்தபோது, உங்களில் ஒருவர் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகப்பிள்ளை, "ஏன் மாமா, ஒரே கலர்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கொடிக்கம்பம் கீதே, எதுக்கு?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். "ஒண்ணு இவன் நைனாவுது, இன்னொண்ணு இவன் மாமாவுது. இவனையே கேளு" என்று என்னைக் காட்டினீர்கள். எல்லோரும் பார்த்தால் எனக்கு வாய் வராது. டேங்க் மோட்டார் என் பொறுப்பு; ரொம்புவதற்கு முன்பே அதை நிறுத்தப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அன்று தெருவில் பாதிப் பேருக்குத் தண்ணீர் வரவில்லை. அந்த மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன். உங்களுக்கும் பாதிதான் தெரியும் என்று நினைக்கிறேன். நாம் அப்போது ஐந்தாம் வகுப்பு.

அந்த வருஷம் என் அம்மாவுக்கு ஒரே எண்ணம். என்னை ஆறாவதில் சேர்க்க வேண்டும். ஆறாவதுக்கு உத்திரமேரூர் போக வேண்டும். போவதும் வருவதும் நடைதான், அது பிரச்சினை இல்லை. அறுவடைக் கூலி நெல் அடுத்த நடவு வரை வர வேண்டும். நெல் பத்தாத வீடுகள் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். மிராசுதார் வீட்டில் பையனை மாட்டுக்கு விட்டுவிடுவார்கள். அவன் சாப்பாடு அங்கே. வருஷ முடிவில் கொஞ்சம் நெல். நம்மோடு படித்தவர்களில் எத்தனை பேர் நான்காவதிலேயே அப்படிப் போனார்கள். "சம்பா நெல்லு சரியா அளந்துட்டா இவன் ஆறாவது" என்று அம்மா யாரிடமும் சொல்வாள். சாணி தட்டும்போது சுவரிடமும் சொல்வாள்.

சரியாக அளப்பது என்றால் நம் விவசாயக் கூலிச் சங்கத்து மரக்காலில் அளப்பது.

அந்த மரக்காலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பலா மரத்தில் குடைந்தது. வாயிலும் அடியிலும் இரும்புப் பட்டை. பக்கத்தில் தாலுகா ஆபீஸ் முத்திரை. பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பெண்ணெய் தடவித் தடவி அது கறுப்பாகியிருந்தது. சங்கக் கொட்டகையில் விட்டத்தில் தொங்கும். கீழே இறக்கிவைத்திருக்கும் நாளில் நாம் அதற்குள் வாயை வைத்துக் கத்துவோம். நம் குரலே பெரிய மனிதர் குரலாக வரும். வாயெல்லாம் கசக்கும்.

அதைச் செய்ய வைத்தவர் செகரெட்டரி. அவரும் நம் தெருதான். பட்டணத்தில் மில்லில் வேலை பார்த்து, ஸ்டிரைக்கில் வேலை போய், சைக்கிளும் இருமலுமாகத் திரும்பி வந்தவர். அவர் வருவதற்கு முன்னால் களத்தில் மிராசுதார் வீட்டு மரக்கால்தான் அளக்கும். அதன் உள்ளே அடியில் ஒரு பலகை கூடுதலாக வைத்திருந்தது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கை நெல்லை அது சாப்பிடும். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். செகரெட்டரி சொன்னார். ஓர் அறுவடை முழுக்க நம் ஜனம் அரிவாளைத் தொடவில்லை. கதிர் வயலிலேயே உதிர ஆரம்பித்த பிறகு மிராசுதார் இறங்கி வந்தார். அதிலிருந்து அறுவடைக்கு முந்தின நாள் செகரெட்டரி போய்ப் பேசி முடிப்பார். அளக்கும் நாளில் சங்கத்து மரக்காலைத் தோளில் வைத்துக்கொண்டு களத்துக்கு நடப்பார். பின்னால் நாம் ஓடுவோம்.

சங்கக் கூட்டம் அமாவாசை அன்று நடக்கும். அன்று ஏர் பூட்ட மாட்டார்கள் என்பதால் எல்லோரும் தெருவில் இருப்பார்கள். செகரெட்டரி ஒரு தீர்மானம் படிப்பார். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்பார். மொத்தத் தெருவும் தூக்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவளும் தூக்குவாள். மிராசுதார் எதிரே கையைக் கட்டிக்கொண்டே நின்று பழகியவர்களுக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்குவது பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. யாராவது வெற்றிலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்வோமா, அந்த மாதிரி. தூக்காமல் உட்கார்ந்திருப்பது கேட்டவரை அவமானப்படுத்துவது.

ஒரு தடவை அவர் வேடிக்கைக்கு, "இந்த செகரெட்டரி ஒரு பைத்தியக்காரன்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார். எல்லோரும் தூக்கினார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, உட்கார்ந்துவிட்டார். என் மாமா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். "இதுங்களுக்கு வேணாம்னு கை தூக்காம கீறதுக்கும் கத்துக்குடுக்கணும்டா" என்று அவர் மாமாவிடம் சொன்னார். கற்றுக்கொடுக்கவில்லை. ஆடி மாதம் தாம்பரத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் வந்தது.

மாமா என்பது என் அம்மாவின் தம்பி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். செகரெட்டரிக்கு முடியாதபோது மனு எழுதியது, கொட்டகைச் சாவி வைத்திருந்தது எல்லாம் அவர். என் நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் சைனா சண்டையின்போது கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களைப் பிடித்தார்களே, அப்போது செகரெட்டரியோடு வேலூர் ஜெயிலுக்குப் போனவர் நைனா ஒருவர்தான். போலீஸ் அடித்ததில் அவருக்கு இடது காது கேட்காது.

இரண்டு பேரும் செகரெட்டரி இருந்தவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து வேர்க்கடலை வாங்கி வந்து, நைனாவின் கேட்காத காதுப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவரைத் திட்டுவார்.

"இன்னாடா சொல்றான் உங்க மாமன்?" என்று நைனா என்னைக் கேட்பார்.

"உன்ன நல்ல மன்சன்னு சொல்றாரு நைனா."

"அப்படி சொல்றவனா அவன்? மச்சான், இந்தப் பக்கம் வந்து சொல்லு பாக்கலாம்" என்று நைனா கடலைத் தோலை அவர் மேல் வீசுவார். அம்மா முறத்தால் இரண்டு பேரையும் விரட்டுவாள்.

அந்த வருஷம் மேலேயும் கட்சி இரண்டாக உடைந்திருந்தது. ரஷ்யா, சைனா என்றார்கள். நமக்கு அவை இரண்டும் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆனால் செகரெட்டரி செத்த பிறகு டவுனிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாக வர ஆரம்பித்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்டவர். நைனாவோடு ஜெயிலில் இருந்தவர். இன்னொருவர் எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டவர். செகரெட்டரியை ஆஸ்பத்திரியில் சேர்க்க மாமாவோடு அலைந்தவர். கண்ணாடிக்காரர் ஒரு பக்கம், சட்டைக்காரர் இன்னொரு பக்கம். நைனாவும் மாமாவும் பக்கம் பிரிந்ததற்குக் காரணம் இதுதான். ஜெயிலில் கூட இருந்தவரை நைனா விட முடியாது. ஆஸ்பத்திரியில் கூட நின்றவரை மாமா விட முடியாது. அதற்கு மேல் ஏதாவது காரணம் இருந்ததா என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். ஒன்று மட்டும் இருந்திருக்கலாம். சாவி சின்னவனிடம் இருப்பது நைனாவுக்கு உறுத்தியிருக்கும். படிக்காதவருக்குக் கீழே மனு எழுதுவது மாமாவுக்கு உறுத்தியிருக்கும்.

அடுத்த செகரெட்டரி யார் என்று முடிவு செய்ய புரட்டாசி அமாவாசைக்குக் கூட்டம் போட்டார்கள். டவுன்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். வாத்தியார் நாற்காலியில் கண்ணாடிக்காரர் உட்கார, சட்டைக்காரருக்கு உரல் கவிழ்த்துப் போட்டார்கள். சாம்பிராணியும் பூசணிக்காய்க் குழம்பும் எல்லா வீட்டிலிருந்தும் வாசனை அடித்தது. படையல் போடுகிற நாள். ஜனத்துக்கு அவசரம்.

கண்ணாடிக்காரர் எழுந்து என் நைனா பேரைச் சொன்னார். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

மொத்தத் தெருவும் தூக்கியது. அவர் முகம் மலர்ந்து உட்கார்ந்தார்.

சட்டைக்காரர் எழுந்து மாமா பேரைச் சொன்னார். மொத்தத் தெருவும் தூக்கியது.

கண்ணாடிக்காரர் கத்தினார். "என்னய்யா இது? ரெண்டு பேருக்கும் தூக்கினா என்ன அர்த்தம்?"

முன்னால் உட்கார்ந்திருந்த நடவுக்காரி ஒருத்தி, "நீ கேட்ட, தூக்கினோம். அவரும் கேட்டாரு, தூக்கினோம். உனக்கு மட்டும் தூக்கிட்டு அவர மட்டும் அசிங்கப்படுத்தறதா?" என்றாள்.

"ரெண்டுமே நம்ம புள்ளைங்க. ரெண்டு பேரும் கீட்டுமே, இன்னா கொறஞ்சி போச்சி?" என்றார் ஒரு கிழவர்.

"சீக்கிரம் முடி சாமி, கொழம்பு அடி புடிக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். டவுன்காரர்கள் சிரிக்கவில்லை. அவரவருக்கு வந்த கைகளை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள்.

அம்மாவும் இரண்டு தடவை தூக்கினாள். நைனா இரண்டாவதைத்தான் பார்த்தார். மாமா முதலாவதைத்தான் பார்த்தார்.

அன்றிலிருந்து நம் தெருவுக்கு இரண்டு செகரெட்டரி. நைனா கொட்டகைப் பூட்டை உடைத்து மரக்காலை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். மாமா அடுத்த மாதமே சட்டைக்காரர் உதவியோடு இன்னொரு மரக்கால் செய்து, அதே தாலுகா ஆபீஸில் முத்திரை வாங்கி வந்தார். இரண்டும் ஒரே அளவு. ஒரு கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று நட்டார்கள். அதற்குப் பிறகு தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விசாரணை நடந்தது. நீ முதலில் தூக்கினாயே, அது மனசாரத் தூக்கியதா, இரண்டாவது தூக்கியதா? ஜனம் மழுப்பியது. மழுப்பியவர்களிடம் இரண்டு பக்கமும் பேசாமல் போனது. குழாயடி அப்போது கிடையாது, கிணற்றடிதான். அங்கே குடங்கள் தனித்தனி வரிசையில் நின்றன. மாமா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. வேர்க்கடலையும் நின்றது. நைனா கேட்கிற காதையும் மூடிக்கொண்ட மாதிரி இருந்தார்.

பொங்கல் கழிந்து கிச்சிலிச் சம்பா தலை சாய்ந்தது. அறுவடைக்கு முன்னால் மிராசுதாரிடம் பேசப் போக வேண்டும். யார் போவது? அம்மா மாமா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"தம்பி, ரெண்டு பேரும் சேந்து போங்கடா. ஒரு நாளு. அப்பால வந்து எப்படியோ அடிச்சிக்கினு சாவுங்க" என்றாள்.

மாமா சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "நான் வரமாட்டேன்னா சொன்னேன்? சங்கத்துச் செகரெட்டரி நான்தான்னு உன் வூட்டுக்காரரு ஒரு வார்த்தை சொல்லட்டும். அவரையும் கூட்டிக்கினு போறேன்."

"அவரு உன்னக் கூட்டிக்கினு போறேன்னு சொல்றாருடா."

"பாத்தியா. இதுதான்க்கா பேஜாரே."

"எம் புள்ள ஆறாவது போவணும்டா."

மாமா கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நல்லாப் படி" என்றார். கன்னத்தில் பாதி நுரை இருந்தது.

தனித்தனியாகத்தான் போனார்கள். நைனா திரும்பி வந்தபோது முகம் பளபளவென்றிருந்தது. மிராசுதார் தோட்டத்தில் கயிற்றுக்கட்டிலைப் போடச் சொல்லி, உட்கார் என்றாராம். காப்பி கொடுத்தாராம். செகரெட்டரி உயிரோடு இருந்த காலத்தில்கூட நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறார்கள்.

"உக்காருங்க செகரெட்டரின்னாரு. அவரு வாயாலே" என்றார் நைனா.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "எந்தத் தம்ளர்ல குடுத்தாரு?" என்று கேட்டாள்.

"கண்ணாடித் தம்ளரு."

"தம்பிக்கும் குடுத்தாரா?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாமாவுக்கும் காலையிலேயே அதே கட்டில், அதே கண்ணாடித் தம்ளர் என்று பிறகு தெரிந்தது. அந்தத் தம்ளரை மாட்டுக் கொட்டகைக் கூரையோர எறவாணத்தில்தான் செருகி வைப்பார்கள். பிற்பாடு நான் அதைத் தினமும் பார்த்தேன்.

அறுப்பு, கட்டு அடிப்பு, தூற்றுவது எல்லாம் எப்போதும் போல நடந்தது. அம்மாவின் கையெல்லாம் நெல் தாள் கீறல். வியர்வை பட்டு எரியும் என்று ராத்திரி எண்ணெய் தடவிக்கொள்வாள். களத்தில் நெல்லைக் குவித்து, யாரும் கை வைக்காதபடி சாணிப்பால் குறி போட்டார்கள். புது நெல்லின் வாசனை மூக்கை அரிக்கும் அல்லவா, அது தெரு வரைக்கும் வந்தது.

அளக்கிற அன்று பள்ளிக்கூடம் இருந்ததா இல்லையா நினைவில்லை. நாம் எல்லோரும் களத்தில் இருந்தோம். நைனா கிழக்கே பழைய மரக்காலோடு நின்றார். மாமா மேற்கே புது மரக்காலோடு நின்றார். நெல் ஏற்ற உத்திரமேரூரிலிருந்து வந்த லாரி வரப்போரம் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மிராசுதார் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை நடுவில் வந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ரெண்டு செகரெட்டரி, ரெண்டு மரக்கா. நான் எதை எடுக்கறது? ஒண்ணை எடுத்தா இன்னொருத்தருக்கு மரியாதைக் குறைச்சல். எனக்கு ரெண்டு பேரும் வேணும்பா."

"இதுல அளங்க. இதுதான் செகரெட்டரி தோள்ல வந்தது" என்றார் நைனா.

"அது பூட்டை ஒடைச்சி எடுத்தது. சங்கம் எங்கிட்ட கீது. இதுல அளங்க" என்றார் மாமா.

"ரெண்டும் ஒரே அளவுதானேப்பா. எதுலயாவது அளந்து வுடுங்களேன்" என்று அந்த நடவுக்காரி கத்தினாள்.

"நீ சும்மா கீறியா?" என்று நைனாவும் மாமாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த வருஷம் அவர்கள் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

மிராசுதார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எதுக்கு வாக்குவாதம்? அவங்க சங்கத்து வழக்கம் ஒண்ணு இருக்கே. கை தூக்கச் சொல்லிப் பாரும்" என்றார்.

கணக்குப்பிள்ளை கிழக்கே காட்டினார். "இந்த மரக்காலுக்கு யாரு?"

ஒரு கையும் எழவில்லை. ஐந்து மாதமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விசாரிக்கப்பட்ட கைகள். எதற்குத் தூக்கினாலும் நாளைக்கு இன்னொருவர் வந்து வாசலில் நிற்பார்.

"அந்த மரக்காலுக்கு?"

அதற்கும் எழவில்லை.

நைனா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மடியில் முறத்தை வைத்து, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்தபடி நெற்குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தான்.

"யாருக்கும் எதுவும் வேணாமாம்" என்றார் கணக்குப்பிள்ளை. "டேய், வூட்டுக்குப் போய்ப் பழசை எடுத்தாடா."

அதற்கு யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை. பலகை வைத்த அந்த மரக்கால் வந்தது. இத்தனை வருஷம் பரணில் கிடந்ததால் அதன் மேல் ஒட்டடை இருந்தது. அளக்கிறவன் அதை வேட்டியால் துடைத்து, முதல் அளவை "லாபம்" என்று சொல்லிப் போட்டான். பிறகு ரெண்டு, மூணு என்று போனான். நைனாவும் மாமாவும் அவரவர் இடத்திலேயே நின்றார்கள். யாராவது ஒருவர் நகர்ந்திருந்தால் மற்றவரும் நகர்ந்திருப்பார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவின் முறை வந்தபோது கூடையைத் தலைக்குத் தூக்கிவிட நான் குனிந்தேன். தூக்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கொள்கையை விட்டுக்கொடுக்காமல் நின்றதற்காகக் கண்ணாடிக்காரர் நைனாவைப் பாராட்டினார். சட்டைக்காரரும் அதையே சொல்லி மாமாவைப் பாராட்டியதாகக் கேள்வி. பிறகு அவர்கள் இரண்டு பேருமே நம் பக்கம் வருவது குறைந்தது. எங்கள் வீட்டு மரக்காலில் கோழி அடை வைத்தோம். அப்புறம் அது கறையான் பிடித்து, எப்போது போனது என்று தெரியாமல் போனது. மாமா வீட்டு மரக்கால் என்ன ஆனது என்று நான் கேட்டதில்லை. அவர் செத்தபோது நைனா போய் வாசலில் நின்றார், உள்ளே போகவில்லை. நைனா செத்தபோது போய் நிற்க மாமா இல்லை.

நெல் சித்திரை தாண்டவில்லை. நீங்கள் சிலர் உத்திரமேரூருக்குப் புதுச் சட்டையோடு கிளம்பிய வாரம், அம்மா என்னைக் குளிப்பாட்டி, தலையில் எண்ணெய் வைத்து, மிராசுதார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நைனா வரவில்லை. மாமா வீட்டைத் தாண்டும்போது அவர் வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றார். அம்மா நிற்கவில்லை.

மிராசுதார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு வீட்டுப் பையன்?"

அம்மா சொல்வதற்குள் கணக்குப்பிள்ளை, "நம்ம செகரெட்டரி பையன்ங்க" என்றார்.

"எந்தச் செகரெட்டரி?" என்றார் மிராசுதார்.

கணக்குப்பிள்ளை சிரித்தார். சாணி அள்ளிக்கொண்டிருந்தவன் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். அந்த இடத்தில் அவள் வேறென்ன செய்ய முடியும். சிரித்துக்கொண்டே என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். நான் போய் மாட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

3-6-2004